கணக்குப் பிரிவிலிருந்து தொண்டு நிறுவனத்துக்கு: பெங்களூரில் வேலை தேடுவது எப்படி?

கேள்வி: அல்சூர் வாசகி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் எம்.காம். படித்தவள். பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கொள்முதல் பில்களைச் சரிபார்ப்பது, ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப் தாக்கல்களை உரிய நாளில் முடிப்பது, வங்கிக் கணக்கை ஒத்துப்பார்ப்பது, ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கேட்கும் தாள்களை எடுத்து வைப்பது ஆகியவை என் அன்றாட வேலைகள். டாலி என்ற கணக்கு மென்பொருளில் நல்ல பழக்கம் உண்டு.

எங்கள் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் தொகையை, அதாவது நிறுவனங்கள் சமூகப் பொறுப்பாகச் செலவிடும் பணத்தை, கணக்கில் எழுதும் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. அந்தத் தொகை ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக அரசுப் பள்ளி ஒன்றின் கழிப்பறைகளுக்கும் நூலகத்துக்கும் செலவாகிறது. பல ஆண்டுகளாக அதை வவுச்சராக மட்டுமே பார்த்துவந்த எனக்கு, சென்ற ஆண்டு அந்தப் பள்ளிக்கு நேரில் செல்லும் வாய்ப்பு கிடைத்தது. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இப்போது இடைவேளையில் வீட்டுக்கு ஓடாமல் பள்ளியிலேயே இருக்கிறார்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். எனக்குத் தெரிந்த கணக்கு வேலையை இனி இத்தகைய இடத்தில் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து வலுத்து, இப்போது முடிவாகவே ஆகிவிட்டது.

ஆனால் வழி தெரியவில்லை. வேலைவாய்ப்புத் தளங்களில் தென்பட்ட இடங்களுக்கெல்லாம் விண்ணப்பித்தேன்; ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை. சமூகப் பணியில் பட்டம் இல்லாததுதான் காரணமா, அல்லது தனியார் நிறுவனத்திலிருந்து வருபவர் நிலைத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறார்களா என்று புரியவில்லை. சம்பளம் குறையும் என்பதை அறிவேன். எவ்வளவு குறையும், அந்த வேலை எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டில் பேச இயலவில்லை. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டு வாடகை என் சம்பளத்திலிருந்தே போகிறது. கன்னடம் சரளமாகப் பேசுவேன். படிப்பது மெதுவாகத்தான் வரும். இத்துறையில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து வழி சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பனசங்கரி கணக்கர்

சகோதரி, வணக்கம். குழந்தைகள் கல்விக்காகப் பெங்களூரில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் நிதிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. கணக்கர்களுக்கான நேர்காணலை நடத்துபவர்களில் நானும் ஒருவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கு வேலைக்குச் சமூகப் பணிப் பட்டம் தேவையில்லை; அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள். பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் ரெஸ்யூமின் முதல் பக்கமாகத்தான் இருக்கும். தனியார் துறையிலிருந்து வரும் விண்ணப்பங்களில் பத்துக்கு எட்டு, சமூகத்துக்குத் திருப்பித் தர விரும்புகிறேன் என்று தொடங்குகின்றன. அந்த விருப்பம் உண்மையானதுதான் என்றாலும், மார்ச் மாதக் கணக்கை முடிக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் உங்களுடைய பெரிய தகுதி: சிஎஸ்ஆர் தொகையைக் கொடுப்பவரின் பக்கத்திலிருந்து கணக்கு வைத்திருக்கிறீர்கள். ஒரு நிறுவனம் பணம் விடுவிக்கும் முன் எந்தச் சான்றிதழ்களைக் கேட்கிறது, கொடுத்த பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் எதைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறது, அடுத்த தவணை ஏன் தாமதமாகிறது என்பதெல்லாம் உங்களுக்குக் கைப்பழக்கம். பெறுபவர் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த அறிவு மிகவும் தேவைப்படுகிறது. ரெஸ்யூமின் முதல் பத்தியில் இதை எழுதுங்கள்.

அடுத்து, இங்கே கணக்கு எவ்வாறு மாறுபடுகிறது என்பதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். ஆடை நிறுவனத்தில் பணம் உள்ளே வந்துவிட்டால் அது நிறுவனத்தின் பணம். இங்கே ஒவ்வொரு ரூபாய்க்கும் யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்ற முகவரி உண்டு; ஒருவர் நூலகத்துக்குக் கொடுத்ததை மற்றொருவரின் ஆசிரியர் பயிற்சிக்குச் செலவிடக் கூடாது. எங்கள் நேர்காணலில் எழுத்துத் தேர்வாக ஒரு மாதத்து வவுச்சர் கட்டையும் மூன்று கொடையாளர்களின் வரவுசெலவுத் திட்டங்களையும் கொடுத்துவிடுவோம். அலுவலக வாடகை 60,000 ரூபாய். மூன்று திட்டங்களும் அதே அலுவலகத்தில் நடக்கின்றன. ஒரு கொடையாளர் வாடகையே தர மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார். பயிற்சியாளர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் ஒரு திட்டத்துக்கும் இரண்டு நாள் வேறொன்றுக்கும் உழைக்கிறார். இவற்றை எந்த அடிப்படையில் பங்கிடுகிறீர்கள், அந்த அடிப்படையை எங்கே எழுதி வைக்கிறீர்கள் என்பதே கேள்வி. கட்டுக்குள் ஒரு தாளை வேண்டுமென்றே வைத்திருப்போம்: தாய்மார் கூட்டத்துக்குத் தேநீரும் வடையும் வாங்கியதற்குக் கடைக்காரர் கன்னடத்தில் கையால் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, பில் எண் கிடையாது, பின்புறம் கூட்டத்துக்கு வந்தவர்களின் கையெழுத்துகளும் இரண்டு கைநாட்டுகளும் இருக்கும். செல்லாது என்று அதை ஒதுக்கிவிடுபவரைவிட, வருகைப் பதிவேட்டின் நகலையும் களப்பணியாளரின் ஒப்புதலையும் சேர்த்து முறைப்படுத்தத் தெரிந்தவரையே நாங்கள் தேடுகிறோம். டாலியில் திட்டவாரியாகச் செலவைப் பிரித்துக் காட்டும் செலவு மையங்களை வைத்து இத்தகைய கணக்கை எழுதிப் பழக ஒரு மாதம் போதும்.

சட்டப் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வேலையின் நிலைத்தன்மை பற்றிய கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. தொண்டு நிறுவனத்தின் பணம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, நீங்கள் அறிந்த சிஎஸ்ஆர். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் செலவிட வேண்டும். பல நிறுவனங்கள் இதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தமாகவே வைத்துக்கொள்கின்றன. தொடர்திட்டம் என்று அறிவித்தால்கூடத் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுகள்தான் உச்சவரம்பு. இரண்டாவது, தனிநபர் நன்கொடை. இது சிறுகச் சிறுக வந்தாலும் கட்டுப்பாடு இல்லாத பணம். மூன்றாவது வெளிநாட்டு நன்கொடை. இதற்கு எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும், உள்நாட்டுப் பணத்தோடு கலக்கக் கூடாது, ஆண்டறிக்கையை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

அந்தச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் உங்களை நேரடியாகத் தொடும். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு அதுவரை 50 விழுக்காடு வரை அனுமதி இருந்தது. அது 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கணக்கு எழுதும் செலவும் அறிக்கை தயாரிக்கும் செலவும் விதிகளின்படி நிர்வாகச் செலவில்தான் சேர்கின்றன. ஆகவே, வெளிநாட்டுப் பணத்தையே நம்பியிருக்கும் நிறுவனத்தில் கணக்கரின் சம்பளம் அந்த இருபதுக்குள் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நேர்காணலின் முடிவில் நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்பார்கள். அப்போது, என் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வரும், அந்த ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிகிறது என்று கேளுங்கள். இது நாகரிகக் குறைவான கேள்வி அல்ல. நிதிப் பிரிவில் சேர வருபவர் இதைக் கேட்காமல் போனால்தான் எனக்கு ஐயம் வரும்.

எங்கே தேடுவது என்றால், டெவ்நெட்ஜாப்ஸ்இந்தியா, என்ஜிஓபாக்ஸ் ஆகிய தளங்களையும் லிங்க்டினையும் பாருங்கள். ஆனால் நிறுவனங்களின் சொந்த வலைத்தளங்களில் உள்ள வேலைவாய்ப்புப் பக்கங்களே மேல். நான் பார்த்த அளவில், புதிய நிதியாண்டுத் திட்டங்கள் ஒப்புதலாகும் ஏப்ரல் முதல் ஜூலை வரை அறிவிப்புகள் கூடுதலாக வருகின்றன. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்கும் எந்த அறிவிப்பையும் தொடாதீர்கள். ஒரு நிறுவனத்தைப் பற்றி ஐயம் இருந்தால், தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். கம்பெனிகள் சட்டத்தின் 8ஆவது பிரிவின் கீழ் பதிவான லாப நோக்கமற்ற நிறுவனமாக இருந்தால் கம்பெனிகள் விவகார அமைச்சகத் தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி அதன் ஆண்டுக் கணக்குகளையே எடுத்துப் படிக்கலாம். நீங்கள் கணக்கர், இருப்புநிலைக் குறிப்பைப் படித்தாலே அந்த வீட்டின் நிலைமை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மறுமொழி: மாறி வந்தவன்

மேலே ஐயா எழுதியதில் பண வழிகளைப் பற்றிய பகுதியை நான் பட்டு அறிந்தவன் என்பதால் சற்றுச் சேர்த்துச் சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்து 2019இல் இத்துறைக்கு வந்தேன். நான் சேர்ந்த சிறிய அமைப்புக்கு வெளிநாட்டுப் பணம் நேரடியாக வரவில்லை. பெரிய அமைப்பு ஒன்று பெற்று, அதில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்துவந்தது. 2020 திருத்தம் அப்படிப் பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையே தடை செய்துவிட்டது. பதினாறு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் மிஞ்சினோம், பிறகு அதுவும் இல்லை. சட்டம் மாறியதற்கு அமைப்பைக் குறை சொல்ல மாட்டேன். பணம் நிற்கப்போகிறது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்த பிறகும், அடுத்த தவணை வந்துகொண்டிருக்கிறது என்று எங்களிடம் மாதக்கணக்கில் சொல்லிவந்ததைத்தான் இன்றும் ஏற்க முடியவில்லை. குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் என்பதற்காக ஊழியர்களிடம் உண்மை பேசும் கடமை தளர்ந்துவிடாது.

அதன் பிறகு, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி தரும் வேறோர் அமைப்பில் கண்காணிப்பு, மதிப்பீட்டுப் பிரிவில் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். சேரும்போது நான் கேட்டவை மூன்று. கொடையாளர்கள் எத்தனை பேர், அவர்களில் பெரியவர் ஒருவர் விலகினால் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கக் கையிருப்பு உண்டு, சென்ற மூன்றாண்டுகளில் எந்த மாதமாவது சம்பளம் தள்ளிப்போனதா. இயக்குநர் மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். ஒரு முறை பத்து நாள் தள்ளிப்போனது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகே சேரலாம் என்று முடிவு செய்தேன்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, எனக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரிய அறக்கட்டளைகளில் குறைவு இவ்வளவு இராது; சிறிய அமைப்புகளில் இதைவிடக் கூடும். வீட்டில் பேசும்போது வெறும் மாதச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். இப்போதைய நிறுவனம் உங்களுக்கும் குடும்பத்துக்கும் தரும் மருத்துவக் காப்பீடு, தீபாவளி போனஸ், பணிக்கொடை, பேருந்து வசதி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ரூபாயாக எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதிப் பார்த்தபோது காப்பீடுதான் பெரிய ஓட்டையாகத் தெரிந்தது. வேலையை விடுவதற்கு முன்பே குடும்பத்துக்குத் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொண்டோம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஓராண்டுத் தொகையை ஒதுக்கிவிட்டால், புதிய வேலையின் முதல் ஆண்டில் மனம் அலைபாயாது.

இன்னொன்று. பணியை விடுவதற்கு முன் சனிக்கிழமைகளில் ஒரு சிறிய அமைப்புக்குக் கணக்குச் சரிபார்ப்பில் உதவுங்கள். தணிக்கை நெருங்கும் மாதங்களில் அவர்களுக்குக் கை போதாது. இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் கணக்கு முறை உங்களுக்குப் பிடிபடும். அடுத்த நேர்காணலில் சொல்வதற்கு ஒரு வேலையும், உங்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு மனிதரும் கிடைப்பார்கள்.

மறுமொழி: லிங்கராஜபுரம் களப்பணியாளர்

அக்கா, நான் களத்தில் இருப்பவள். அலுவலகக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் கணக்கர் நல்லவராக அமைந்தால் களத்தில் என்ன மாறுகிறது என்பது தெரியும். எங்கள் மையத்தில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர்களுக்கு மதிப்பூதியம் ஐந்தாம் தேதிக்குள் போகவில்லையென்றால் அவர்கள் கந்துவட்டிக்காரரிடம் போகிறார்கள். முன்பு இருந்த கணக்கர் ஒரு சீட்டில் கையெழுத்து இல்லை என்று மொத்தப் பட்டியலையும் நிறுத்தி வைப்பார். இப்போது இருக்கும் அம்மா அந்த ஒருவரின் தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களுக்கு அன்றே அனுப்பிவிடுகிறார், அதோடு எங்களைத் தொலைபேசியில் அழைத்து விடுபட்டதையும் வாங்கிக்கொள்கிறார். நீங்கள் இந்த வேலைக்கு வர விரும்புவதை நான் மனமார வரவேற்கிறேன். உங்களைப் போன்றவர்கள் எங்களுக்கு வேண்டும்.

கன்னடம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். வவுச்சர், வருகைப் பதிவேடு, பள்ளி மேம்பாட்டுக் குழுவின் தீர்மானம், வட்டாரக் கல்வி அலுவலகத்துக் கடிதம் எல்லாம் கன்னடத்தில்தான் வரும். சரளமாகப் பேசுபவருக்கு எழுத்து சில வாரங்களில் வந்துவிடும். அதே சமயம் உங்கள் தமிழும் இந்த நகரத்தில் வீண்போகாது. லிங்கராஜபுரம், மர்பி டவுன், சிவாஜிநகர்ப் பக்கங்களில் வீட்டு வேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. சுய உதவிக் குழுப் பெண்கள் எங்களிடம் தமிழில்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். குழுக் கணக்குப் புத்தகத்தைத் தமிழிலேயே எழுதி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் பயிற்சி கொடுக்க அங்கே உங்களை அழைத்துப் போகலாம்.

எந்தெந்த அமைப்புகள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் தேடலைத் தொடங்கச் சில பெயர்களைச் சொல்கிறேன். எங்கள் பகுதியிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான ஏபிடி (அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசபிலிட்டி) 1959 முதல் இயங்கிவருகிறது. பார்வையற்றோருக்காகவும் பிற மாற்றுத்திறனாளிகளுக்காகவும் சமர்த்தனம் 1997 முதல் இருக்கிறது. 1968இல் திபெத்திய அகதிகளின் மறுகுடியமர்வுக்காகத் தொடங்கிய மைராடா, பின்னர் சுய உதவிக் குழுக்களுக்கு முன்னோடியாகி, கர்நாடகத்தோடு தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வேலை செய்திருக்கிறது. குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்காக ஹசிரு தளா, பள்ளி மதிய உணவுக்காக 2000இல் இங்கே தொடங்கிய அட்சய பாத்திரம், அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை என்று பெரியவையும் நடுத்தரமானவையும் இந்த நகரத்தில் பல உண்டு. இப்போது இவற்றில் காலியிடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. இவற்றின் வலைத்தளங்களில் உள்ள ஆண்டறிக்கைகளைப் படித்தாலே கொடையாளர்கள் யார், வேலை என்ன வகை என்பது விளங்கும்.

ஒரு நிறுவனம் எப்படிப்பட்டது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. நேர்காணலுக்குப் போகும்போது அங்கே இருக்கும் களப்பணியாளர் ஒருவரிடம், பயணப்படி எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்று கேளுங்கள். சொந்தக் காசைப் போட்டு மையத்துக்குச் சாக்பீஸும் சாப்பாடும் வாங்கிவிட்டு மூன்று மாதம் காத்திருக்க வைக்கும் இடம் என்றால், சுவரில் எத்தனை விருதுகள் மாட்டியிருந்தாலும் யோசியுங்கள். பெண்கள் பணிபுரியும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம்.

கேள்வி கேட்டவர்: அல்சூர் வாசகி

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. ரெஸ்யூமை மாற்றி எழுதி, சிஎஸ்ஆர் அனுபவத்தை முதலில் வைத்து மீண்டும் அனுப்பினேன். முதியோர் நலத்துக்காக இயங்கும் ஒரு சிறிய அமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. நேர்காணலும் நன்றாகவே நடந்தது. அவர்களிடம் எஃப்சிஆர்ஏ பதிவும் இரண்டு சிஎஸ்ஆர் கொடையாளர்களும் இருக்கிறார்கள். என் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வரும் என்று கேட்டேன். பாதி தனிநபர் நன்கொடையிலிருந்தும் பாதி சிஎஸ்ஆர் திட்டத்திலிருந்தும் வரும் என்று தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் பணியாளராக அல்லாமல் ஆலோசகர் என்ற பெயரில் பதினோரு மாத ஒப்பந்தம் தருவதாகவும், 10 விழுக்காடு டிடிஎஸ் பிடித்துக்கொண்டு தொகையைத் தருவதாகவும், பிஎஃப் கிடையாது என்றும் கூறுகிறார்கள். வேலை நேரமோ தினமும் ஒன்பதரை முதல் ஐந்தரை வரை. இதை ஏற்கலாமா? இந்தத் துறையில் இதுதான் வழக்கமா?

மறுமொழி: பனசங்கரி கணக்கர்

அழைப்பு வந்ததில் மகிழ்ச்சி, சகோதரி. இது பரவலான வழக்கம்தான். ஆனால் வழக்கம் என்பதனால் சரியாகிவிடாது. குறிப்பிட்ட நேரத்துக்கு வந்து, ஒருவரின் மேற்பார்வையில், அந்த அமைப்பின் அன்றாட வேலையைச் செய்பவர் உண்மையில் ஊழியர். ஆலோசகர் என்று பெயர் மாற்றுவதால் விடுப்பு, பிஎஃப், பணிக்கொடை ஆகியவை உங்களுக்கு இல்லாமல் போகின்றன. பின்னாளில் ஆய்வு வந்தால் அமைப்புக்கும் சிக்கல்தான். குறித்த காலப் பணிநியமனம் என்ற முறையே இருக்கிறது. திட்டம் முடியும் நாளையே முடிவு நாளாகப் போட்டு, ஊழியராகவே நியமனக் கடிதம் தரலாம். முதலில் அதைக் கேளுங்கள், கேட்கும்போது அவர்கள் நலனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிஎஃப் சட்டம் இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களுக்கே கட்டாயம். சிறிய அமைப்பு என்கிறீர்கள். அதற்குள் அவர்கள் வராமல் இருக்கலாம். அப்படியானால் அமைப்பு செலுத்தியிருக்க வேண்டிய 12 விழுக்காட்டுக்கு ஈடான தொகையை மாத ஊதியத்தோடு சேர்த்துக் கேட்டு, உங்கள் பங்கையும் சேர்த்துப் பொதுச் சேமநிதியில் (பிபிஎஃப்) போடுங்கள். எதற்கும் இணங்கவில்லை, ஆனாலும் இந்த வேலை வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், ஒப்பந்தத்தில் மூன்று செய்திகள் எழுத்தில் இருக்கட்டும்: இரு தரப்புக்கும் ஒரே அளவான முன்னறிவிப்புக் காலம், ஊதியத்தோடு கூடிய விடுப்பு நாட்கள், பதினோராம் மாதத்துக்கு முன்பே புதுப்பித்தல் பற்றி முடிவு சொல்லும் தேதி. ஆறு மாதத்துக்குப் பின் ஊழியராக மாற்றுவோம் என்று வாயால் சொன்னால், அதையும் ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

கணக்கராகச் சேர்வதால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு இருந்த கணக்கர் ஏன் போனார், அவர் முடித்துக்கொடுத்தது எதுவரை என்று கேளுங்கள். சென்ற ஆண்டின் எஃப்சிஆர்ஏ அறிக்கை தாக்கலான நாள், தணிக்கை அறிக்கை கையெழுத்தான நாள், இரண்டு சிஎஸ்ஆர் கொடையாளர்களுக்கும் கடைசியாகப் போன பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைச் சேரும் வாரத்திலேயே வாங்கிப் பாருங்கள். வெளிநாட்டுக் கணக்கிலிருந்து உள்நாட்டுக் கணக்குக்குக் கைமாற்றாகப் பணம் போயிருந்தால், அது சிறு தொகையாக இருந்தாலும், அதை முதல் மாதத்திலேயே இயக்குநருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பழைய பிழை உங்கள் பெயரில் வந்து நிற்கக் கூடாது.

நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை பீன்யாவில் ராஜினாமா கொடுக்க வேண்டாம். அங்கே மார்ச் முடிப்பு வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு ஏப்ரலில் சேர்கிறேன் என்று கேளுங்கள். அந்தக் காரணம் எந்தத் தொண்டு நிறுவனத்து நிதிப் பொறுப்பாளருக்கும் சொல்லாமலே புரியும். உங்களுக்காகக் காத்திருக்கவும் செய்வார்கள்.